பழைய யுனிக்ஸ் டெர்மினலுக்குத் தரவு அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்குப் பல வாரங்களும், பேசிய தொகையில் பெரும்பகுதியும் மிஞ்சியிருக்கும். இதை எழுத அதுதான் காரணம். தமிழில் இதைப் பற்றி என் கண்ணில் எதுவும் படவில்லை, அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய இயந்திரத்தோடு சீரியல் கேபிளில் பேசவேண்டிய நிலை உங்களுக்கு வந்தால் ஒரு மணி நேரமாவது மிச்சமாகட்டும்.

வேலை இதுதான். ஒரு தொழிற்கூடத்தில் 1980களைச் சேர்ந்த இயந்திரம் ஒன்று, சிஸ்டம் ஃபைவ் வகை யுனிக்ஸ். உதிரிபாகக் கணக்கு முழுக்க அதில்தான். நெட்வொர்க் கிடையாது, வெளியுலகத்தோடு பேச சீரியல் போர்ட் மட்டும். புதிய பாகங்களின் பட்டியல், ஆயிரக்கணக்கான வரிகள், மடிக்கணினியிலிருந்து அந்தப் போர்ட் வழியாக உள்ளே போகவேண்டும். ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்வதுபோலவே என் புரோகிராம் வரி வரியாக அனுப்பும், அங்கே இருக்கும் பதிவு புரோகிராம் வாங்கிக்கொள்ளும். தொகை மொத்தமாகப் பேசியது, நாள் கணக்கு இல்லை. உதவிக்கு வேறு ஆளும் இல்லை.

முதலில் திரையில் வந்தது பாதி எழுத்து, பாதி குப்பை. கேபிள்தான் கெட்டுப்போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் புது கேபிள், புது யுஎஸ்பி கன்வெர்ட்டர் என்று வாங்கிக்கொண்டிருந்தேன், அந்தப் பணம் அப்படியே போனது. கேபிள் கெட்டால் அப்படி இருக்காது. உற்றுப்பார்த்தால் ஏ, பி, டி எல்லாம் ஒவ்வொரு முறையும் சரியாக வந்தன, சி மட்டும் ஒவ்வொரு முறையும் குப்பை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் ஏ என்பது 65, அதை 0, 1 என்ற பிட்டுகளாக எழுதினால் இரண்டு ஒன்றுகள். சி என்பது 67, அதில் மூன்று ஒன்றுகள். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கவேண்டும் என்பதற்காக அந்த இயந்திரம் எட்டாவது பிட்டை ஏற்றி அனுப்புகிறது. இந்தச் சரிபார்ப்புப் பிட்டுக்குப் பெயர் பாரிட்டி. 7 பிட், இரட்டைப் பாரிட்டி. என் பக்கத்து மென்பொருளோ இன்றைய வழக்கப்படி 8 பிட், பாரிட்டி இல்லை என்று வாசிக்கிறது. குறிப்பிட்ட எழுத்துகள் மட்டும் தவறாமல் கெட்டு வந்தால் வேறெதையும் தொடாமல் பாரிட்டியை மாற்றிப்பாருங்கள். எல்லா எழுத்துமே குப்பை என்றால் இரண்டு பக்கமும் அனுப்பும் வேகம் ஒன்றுதானா என்று பாருங்கள். கடைக்குப் போவது அதற்கெல்லாம் அப்புறம்.

அடுத்து லாகின். எனக்குக் கொடுத்த சீட்டில் பயனர்பெயர் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தது, அப்படியே அடித்தேன். உள்ளே விட்டது, ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லாமே பெரிய எழுத்து, நடுநடுவே பின்சாய்கோடு வேறு. மென்பொருள் பழுது என்று அதில் ஒரு நாள் கழிந்தது. உண்மையில் எதுவும் பழுதில்லை. 1963ல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு டெர்மினலில், அதாவது முனையத்தில், சிறிய எழுத்தே கிடையாது. பயனர்பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தால், அந்தப் பக்கம் இருப்பது அப்படிப்பட்ட முனையம் என்று யுனிக்ஸ் முடிவுகட்டிவிடும், சிறிய எழுத்தையெல்லாம் பெரியதாக்கி அனுப்பும், உண்மையிலேயே பெரிய எழுத்தாக இருப்பதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடும். வெளியே வந்து சிறிய எழுத்தில் திரும்ப லாகின் செய்தால் போதும்.

இதுவரை போனது நேரமும் கொஞ்சம் பணமும்தான். உண்மையான வலி பேக்ஸ்பேஸில் ஆரம்பித்தது.

இரவு முழுக்க ஓடவேண்டிய சரிபார்ப்பு புரோகிராம் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டளையை முன்கூட்டி அடித்துவைக்கலாம், யுனிக்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு எழுத்து தப்பி விழுந்தது, பேக்ஸ்பேஸை அழுத்தினேன். புரோகிராம் செத்துப்போனது. முதல் முறை தற்செயல் என்று விட்டேன். மறுநாள் அதே இடத்தில் அதேபோல் ஆனபோது வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஓடவேண்டிய வேலை. அங்கே வருடக்கணக்காக வேலை பார்த்த பெரியவரிடம் கேட்டேன். "எங்களுக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லையே தம்பி" என்றார். அவர் சொன்னது நிஜம்தான், அதுதான் இன்னும் குழப்பியது.

காரணம் இது. இன்றைய டெர்மினல் மென்பொருள்களில் பேக்ஸ்பேஸ் விசை பெரும்பாலும் 127 என்ற எண்ணைத்தான் அனுப்பும், அதாவது டெலீட். அந்தக் கால யுனிக்ஸில் 127க்கு ஓடுகிற புரோகிராமை நிறுத்து என்று பொருள், இன்று நாம் கன்ட்ரோல் சி அழுத்துகிறோமே, அதே வேலை. ஒரு எழுத்தை அழிக்க அங்கே விசை கிடையாது, # என்ற குறி. வரி முழுவதையும் அழிக்க @ என்ற குறி. பெரியவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றால், அவருடைய விசைப்பலகையில் பேக்ஸ்பேஸ் அனுப்புவது 127 அல்ல, கன்ட்ரோல் ஹெச்; அவருடைய கணக்கின் புரொஃபைல் கோப்பில், அதாவது லாகின் ஆனதும் தானாக ஓடும் கட்டளைகளில், என்றைக்கோ ஒருவர் அழிக்க கன்ட்ரோல் ஹெச், வரியை அழிக்க கன்ட்ரோல் யு என்று மாற்றி எழுதி வைத்திருக்கிறார். எனக்காகப் புதிதாகத் திறந்த கணக்கில் அந்த வரிகள் இல்லை, அதனால் யுனிக்ஸின் மையப் புரோகிராமான கெர்னலின் ஆதி வழக்கத்தோடு நான் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

# ஏன், @ ஏன் என்று கேட்டால், திரை இல்லாத காலத்தில் யோசித்துப்பாருங்கள். மாடல் 33 காகிதத்தில் அடிக்கும், விநாடிக்கு 10 எழுத்து. அடித்த எழுத்து காகிதத்தில் விழுந்துவிட்டது, அதை எடுக்க முடியாது. அதனால் "இதற்கு முந்தியதை விட்டுவிடு" என்று இயந்திரத்துக்கும் புரியவேண்டும், காகிதத்தைப் பார்க்கிற மனிதருக்கும் புரியவேண்டும், அப்படி ஒரு அச்சாகும் குறி தேவைப்பட்டது. எம்ஐடியில் உருவான மல்டிக்ஸ் என்ற முந்தைய இயங்குதளத்திலேயே # எழுத்தையும் @ வரியையும் அழித்தன. யுனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் மல்டிக்ஸில் வேலை பார்த்தவர்கள், பழக்கம் கூடவே வந்தது. 127க்கும் இதே மாதிரி வேர் உண்டு. எழுத்துகளைத் துளைகளாகப் பதியும் காகிதத் துளைநாடாவில் தப்பாக விழுந்த துளையை அடைக்க முடியாது, ஆனால் அந்த இடத்தில் ஏழு துளைகளையும் போட்டுவிட்டால் "இங்கே எழுத்தே இல்லை" என்று பொருள். ஏழு பிட்டும் ஒன்று, அதுதான் 127. இதையெல்லாம் ஊன்றிப் படித்தபோது அந்த ஆட்கள் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. இருந்த கருவிக்கு ஏற்ற, சரியான தீர்வு. ஆனால் எனக்கு இதெல்லாம் தெரியவந்த நேரத்தில் என் தரவில் பாதி உள்ளே போய்விட்டிருந்தது.

அந்தப் பாகங்களின் எண்களில் # உண்டு. 4512#7 என்ற மாதிரி. நான் அனுப்பும்போது கெர்னல் #ஐப் பார்க்கிறது, அழிப்புக் குறி என்று எடுத்துக்கொண்டு அதையும் முந்தைய 2ஐயும் தூக்கிவிடுகிறது, பதிவு புரோகிராமுக்குப் போய்ச்சேர்வது 4517. பிழைச்செய்தி எதுவும் கிடையாது. 4517 என்று உண்மையாகவே வேறொரு பாகம் இருந்தால் இதன் இருப்பு அதன் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னும் மோசமானது, என் மடிக்கணினியில் இருந்த பதிவேட்டில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. அங்கிருந்து எதிரொலித்து வருகிற எழுத்துகளை ஒன்றுவிடாமல் சேமித்துக்கொண்டுதான் இருந்தேன். அனுப்பியது 4512#7, திரும்பி வந்ததும் 4512#7. இரண்டையும் ஒப்பிட்டு, சரி என்று அடுத்த வரிக்குப் போகும்படிதான் புரோகிராம் எழுதியிருந்தேன், யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் எதிரொலியை அனுப்புவது பதிவு புரோகிராம் அல்ல, கெர்னலில் இருக்கும் டெர்மினல் டிரைவர். வாசலில் உட்கார்ந்து வருகிற கடிதங்களைப் பிரித்துத் திருத்தி உள்ளே அனுப்புகிற ஆள் மாதிரி அது. வாங்கியதற்கு ரசீது உடனே கொடுத்துவிடும், உள்ளே போனது என்ன என்பது தனிக் கதை. காகித முனையத்துக்காகச் செய்த ஏற்பாடு என்பதால், # அடித்தால் #ஐயே எதிரொலிக்கும். அழித்ததுபோல் காட்டவேண்டும் என்றால் அதற்கு எக்கோஈ என்று தனி அமைப்பு உண்டு, அந்தப் போர்ட்டில் அது போடப்படவில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனதில் வையுங்கள்: எதிரொலி திரும்பி வந்ததை வைத்துத் தரவு போய்ச்சேர்ந்தது என்று முடிவுகட்டாதீர்கள்.

கண்டுபிடித்தது @ வழியாக. சில வரிகளில் 40@15 என்று எண்ணிக்கையும் விலையும் சேர்ந்து இருந்தது. பதிவேட்டில் அந்த வரிகள் மட்டும் @ஐ அடுத்து உடைந்து, 15 என்பது புது வரியில் நின்றது. வரியை அழித்தால் எதிரொலியில் ஒரு வரிமாற்றம் போடு என்ற எக்கோகே அமைப்பு அங்கே இருந்திருக்கிறது, அதன் புண்ணியத்தில்தான் கண்ணில் பட்டது. ஏன் உடைகிறது என்று துருவிப்போய், டெர்மினல் அமைப்புகளைக் காட்டி மாற்றும் எஸ்டிடிஒய் (stty) கட்டளைக்கு "எல்லாவற்றையும் காட்டு" என்ற விருப்பத்தைக் (-a) கொடுத்துப் பார்த்தபோது, கில் (வரியை அழி) என்றால் @, இரேஸ் (எழுத்தை அழி) என்றால் # என்று பட்டியலில் நிற்கிறது. அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இதுவரை அனுப்பியது எல்லாம் சந்தேகத்துக்குரியது, எது சரி எது தப்பு என்று என்னிடம் இருக்கும் எந்த ஆதாரமும் சொல்லாது, வாடிக்கையாளர் ஏற்கெனவே அந்தக் கணக்கை வைத்து வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அதனால் பழைய இயந்திரத்தில் உள்ளே போனதும் முதல் வேலை அந்த எஸ்டிடிஒய் பட்டியலைப் பார்ப்பதுதான். எந்தெந்தக் குறியை அது விழுங்கும் என்பது முழுக்க அங்கே இருக்கும். பிறகு உங்கள் தரவில் அந்தக் குறிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் இரண்டு வழி. ஒவ்வொரு # அல்லது @ குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு போட்டு அனுப்பலாம், அப்போது அது சாதாரண எழுத்தாக உள்ளே போகும். அல்லது எஸ்டிடிஒய் வைத்து அழிப்புக் குறிகளைக் கன்ட்ரோல் எழுத்துகளுக்கு மாற்றிவிடலாம். மாற்றும்போது ^h என்று எழுதுவதை மேற்கோள்குறிக்குள் போடுங்கள், ஏனென்றால் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பழைய போர்ன் ஷெல்லில் ^ என்பதற்குப் பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடு, என்றும் பொருள் உண்டு, மேற்கோள் இல்லாவிட்டால் கட்டளை இரண்டாக உடைந்து புரியாத பிழை வரும். இன்னொன்று, இந்த அமைப்பு உங்கள் கணக்குக்குச் சொந்தமில்லை, அந்தப் போர்ட்டுக்குச் சொந்தம். லாக்அவுட் ஆனதும், லாகின் கேட்கும் கெட்டி (getty) என்ற புரோகிராம் வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடும். புரொஃபைல் கோப்பில் எழுதிவைக்காவிட்டால் ஒவ்வொரு லாகினிலும் திரும்பச் செய்யவேண்டும்.

குறிகளைச் சரிசெய்தபின் வேகமாக அனுப்பிப் பார்த்தேன். இப்போது கொத்துக்கொத்தாக வரிகள் காணாமல் போயின. பழைய யுனிக்ஸில் ஒவ்வொரு போர்ட்டின் உள்ளீட்டு வரிசைக்கும் 256 எழுத்து என்று ஒரு வரம்பு உண்டு. புரோகிராம் வாசிப்பதற்குள் அதற்கு மேல் சேர்ந்துவிட்டால், மிஞ்சியதை மட்டும் தள்ளாது, சேர்ந்தது மொத்தத்தையும் கொட்டிவிடும். விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும் மனிதருக்கு அது தாராளம், என் மடிக்கணினிக்குப் போதவில்லை. கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் க்யூ என்று நிறுத்து, தொடங்கு சமிக்ஞைகள் உண்டு, அவையும் டெலிடைப்பின் நாடா வாசிப்பானை நிறுத்தி ஓட்டிய 19, 17 என்ற அதே எழுத்துகள்தான். எஸ்டிடிஒய்யில் ஐஎக்ஸ்ஆஃப் போட்டால் இயந்திரம் நிரம்பும்போது அதுவே நிறுத்து என்று சொல்லும், ஆனால் உங்கள் பக்கத்து மென்பொருள் அதற்குக் கீழ்ப்படிகிறதா என்று சோதித்துவிடுங்கள், பல யுஎஸ்பி கன்வெர்ட்டர்கள் தாமதமாகத்தான் நிறுத்தும், அதற்குள் நிறைய எழுத்து வெளியே போயிருக்கும். நான் கடைசியில் நம்பியது ஒன்றைத்தான்: ஒரு வரி அனுப்பு, பதிவு புரோகிராம் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை காத்திரு, பிறகு அடுத்தது. மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும்.

இவ்வளவும் முடிந்தபிறகு, அந்த இயந்திரத்தின் கோப்புறைகளைத் தற்செயலாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது கெர்மிட் என்ற கோப்பு அனுப்பும் புரோகிராம் கண்ணில் பட்டது. மனசு விட்டுப்போனது. 1981ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சரியாக இந்தத் தொல்லைக்காகவே உருவாக்கியது அது. டெர்மினல் டிரைவர் விழுங்கக்கூடிய கன்ட்ரோல் எழுத்துகளை அச்சாகும் எழுத்துகளாக மாற்றி அனுப்பும், நீண்ட வரியை வாங்க முடியாத இயந்திரங்களுக்காகச் சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பும், ஒவ்வொன்றையும் கூட்டிச் சரிபார்த்துத் தப்பியதைத் திரும்ப அனுப்பும். பட்டியலைக் கோப்பாக அதன் வழியே ஏற்றிவிட்டு, அங்கேயே பதிவு புரோகிராமுக்குக் கோப்பிலிருந்து ஊட்டியிருக்கலாம். கோப்பிலிருந்து வாசிக்கும்போது #க்கும் @க்கும் எந்தச் சிறப்புப் பொருளும் கிடையாது, ஏனென்றால் அழிப்பது டெர்மினல் டிரைவரின் வேலை, புரோகிராமின் வேலை அல்ல. விசைப்பலகை போல நடிக்கும் திட்டம் எதையாவது தொடங்குவதற்கு முன்னால், கோப்பு அனுப்பும் புரோகிராம் ஏதாவது அங்கே ஏற்கெனவே கிடக்கிறதா என்று தேடிப்பாருங்கள்.

திருத்துவதற்குத்தான் அதிக நாட்கள் ஆயின. உள்ளே இருந்த கணக்கு முழுவதையும் வெளியே எடுத்து, மூலப் பட்டியலில் # இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் அது எப்படிச் சிதைந்திருக்கும் என்று ஒரு புரோகிராம் எழுதிக் கணித்து, சிதைந்த எண் வேறொரு பாகத்தோடு மோதிய இடங்களைத் தனியாக எடுத்து, அவற்றை மட்டும் கிடங்கில் ஆள்வைத்து எண்ணவேண்டியிருந்தது. அந்தக் கூலியை என் தொகையிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம்தான், ஆனால் எழுத்தில் எதுவும் போட்டுக்கொள்ளாமல் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்ட வேலையில் வாதாட இடமில்லை. இப்போதெல்லாம் இப்படிப்பட்ட வேலைக்கு, முதலில் நூறு வரி மட்டும் அனுப்பி, அதை உள்ளே போன இடத்திலிருந்து வெளியே எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் காட்டுவது ஒரு கட்டம், அதற்குத் தனித் தொகை என்று எழுதிக்கொள்கிறேன். அந்த நூறு வரியில் விசைப்பலகையில் இருக்கும் எல்லாக் குறிகளும் ஒருமுறையாவது வரவேண்டும்.

இதெல்லாம் பழைய இயந்திரத்தோடு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் லினக்ஸ் டெர்மினலிலும் டெர்மினல் டிரைவர் என்ற அதே ஆள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சாதாரண நிலையில் ஒரு வரிக்கு 4096 எழுத்து வரைதான், நீண்ட சாவி ஒன்றை அதைவிட நீளமாக ஒட்டினால் மிச்சம் சத்தமில்லாமல் போய்விடும். தெரியாமல் கன்ட்ரோல் எஸ் அழுத்தித் திரை உறைந்துபோனதாக நினைப்பவர்கள் கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் போதும். ஏதோ புரோகிராம் பாதியில் செத்து, அடிப்பது எதுவும் தெரியாமல் போனாலோ, என்டர் அடித்தால் ^எம் என்று மட்டும் வந்தாலோ, கன்ட்ரோல் ஜே, பிறகு எஸ்டிடிஒய் சேன் (stty sane), பிறகு மறுபடி கன்ட்ரோல் ஜே. என்டர் விசை அனுப்புவது 13, வரிமுடிவு என்பது 10. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அமைப்பு அணைந்துபோனதால்தான் என்டர் வேலை செய்யவில்லை, கன்ட்ரோல் ஜே நேராக 10ஐயே அனுப்பிவிடும்.

தமிழில் அடிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. இன்று தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஐயுடிஎஃப்8 என்ற அமைப்பு போடாத போர்ட்டில் பேக்ஸ்பேஸ் அடித்தால் டிரைவர் ஒரு பைட்டை மட்டும் அழிக்கும், உடைந்த 2 பைட் வரியில் தங்கி உள்ளே போகும். அமைப்பு போட்டிருந்தாலும் கி என்று அடித்து ஒருமுறை அழித்தால் இகரக் குறி மட்டும்தான் போகும், க அங்கேயே இருக்கும், திரையிலோ முழு எழுத்தும் போனதுபோல் காட்டக்கூடும். சீரியல் போர்ட்டில் தமிழ்ப் பெயர்களை உள்ளிடும் புரோகிராம் எழுதுகிறவர்கள் எஸ்டிடிஒய்யில் ஐயுடிஎஃப்8 போட்டிருக்கிறதா என்று பாருங்கள், வந்த வரி முறையான யுடிஎஃப்-8 தானா என்று வாசித்த உடனேயே சோதித்து, இல்லையென்றால் அதைச் சேமிக்காமல் திரும்பக் கேளுங்கள்.